ரோபோ கடித்த வளையங்கள்

1992-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகள் ரோபோக்களுடன் கூடின. கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் மாணவர்களுக்காகத் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் முதல் போட்டி அது. ரோபோக்கள் பொறுக்கியவை டென்னிஸ் பந்துகள், லேசில் கிழியாதவை.

ஆண்டுதோறும் ஆட்டம் மாறியது, பொருளும் மாறியது.

2007-இலும் 2011-இலும் காற்றடைத்த டியூப்கள் வந்தன. உலோக விளிம்பு ஒன்று உரசினால் போதும், காற்று இறங்கிவிடும். களத்தோரத் தன்னார்வலருக்கு சைக்கிள் கடைக்காரர் வேலைதான்: ஓட்டையைத் தேடு, ஒட்டு, காற்றடி. 2018-இல் மஞ்சள் துணியுறை போர்த்திய பால் கிரேட்டுகள். இம்முறை கிழிந்தது உறை.

2024-இன் ஆரஞ்சு நுரை வளையங்கள் இன்னும் பாவம். 14 அங்குல வெளிவிட்டம், 2 அங்குலத் தடிமன். வேகமாகச் சுழலும் உருளைகள் அவற்றை உள்ளிழுத்து, இறுக்கிப் பிடித்து, எறியும். ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். முடிந்ததும் தன்னார்வலர் வளையத்தைக் கையில் வளைத்துப் பார்ப்பார். வளைக்கும்போதுதான் பிளவு வாய் திறக்கும். மேலோட்டமான கீறல் என்றால் வளையம் களத்துக்குத் திரும்பும். ஆழமாகப் பிளந்திருந்தால் ஒதுக்கப்படும். அதற்குள் அடுத்த ஆறு ரோபோக்களுக்குக் களம் தயாராக வேண்டும்.

2025-இல் பிவிசி குழாய்த் துண்டுகள் வந்தன. கூடவே 16 அங்குல ரப்பர் பந்துகளும் இருந்ததால், அளவு பார்த்துக் காற்றடிக்கும் வேலை மீண்டும் வந்தது.