ஒரே தேதியில் ஒரு தீர்ப்பும் ஓர் அரசாணையும்

2003 ஆகஸ்ட் 6. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை, சட்ட உரிமை, தார்மீக உரிமை என எந்தப் பெயரிலும் அதைக் கேட்க முடியாது என்றனர் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் ஆகிய நீதிபதிகள். அதே தேதியில் சென்னைக் கோட்டையில் நிதித்துறை அரசாணை எண் 259-ஐ வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் (சி.பி.எஸ்.)தான் என்றது அந்த ஆணை. தீர்ப்பை நாடே விவாதித்தது. அரசாணையின் கனம் தெரியப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல என்ற எண்ணத்துக்குச் சட்டப் பின்புலம் உண்டு. 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அது செய்த பணிக்கு உரிய ஊதியத்தின் தொடர்ச்சி என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அந்த நாளையே ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்குள் காற்று திசை மாறியது. 2001-இல் தமிழக நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்தார். கஜானா காலி என்ற பேச்சுக்கு அது அடித்தளமானது. அவ்வாண்டு நவம்பரிலேயே புதிய பணி நியமனங்களுக்குத் தடை வந்தது. விடுப்பு ஒப்படைப்பு, போனஸ், ஓய்வூதியப் பலன்கள் சில என்று ஒவ்வொன்றின் மீதும் கை வைக்கப்பட்டது.

பறித்தவற்றைத் திருப்பிக் கேட்டுத்தான் 2003 ஜூலை முதல் வாரத்தில் ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ என்ற ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்புகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. தலைவர்களைக் காவல்துறை முன்கூட்டியே கைது செய்தது. 2002-இல் இயற்றப்பட்ட டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தின் மூலம் இன்னும் இறுக்கினார்கள். ஏறத்தாழ 1,70,000 பேர் விசாரணையே இல்லாமல் வேலையிழந்தார்கள். வேலைக்குப் போகாதவர் வீட்டுக்குப் போகலாம் என்பதே அன்றைய நிர்வாக நியாயம். தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது; அதில் வந்ததுதான் ஆகஸ்ட் 6 தீர்ப்பு. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி நடத்தை விதிகளை மீறுவதில்லை என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலோர் மேசைக்குத் திரும்பினர். மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் ஆளுங்கட்சிக் கூட்டணி இழந்தது. ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை முதல்வர் ஜெயலலிதா அதன்பிறகு கைவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒன்று நழுவிவிடுகிறது. ஜூலையில் தெருவில் நின்றவர்களை ஆகஸ்டில் வந்த அரசாணை தொடவே இல்லை. அவர்களுடைய பழைய ஓய்வூதியம் பத்திரமாக இருந்தது. அடி விழுந்தது, பெரும்பாலும் இன்னும் வேலைக்கே வராதவர்கள் மீது. எதிர்க்க ஆளில்லாத இடத்தில்தான் சீர்திருத்தம் எளிதில் நுழையும்.

நியமனத் தடையால் அந்தப் புதியவர்கள் மெல்லத்தான் வந்தார்கள். தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட ஆசிரியர்கள் 2006 ஜூன் 1-இல்தான் காலமுறை ஊதியத்துக்கு மாறினர். பிறகுதான் ஆசிரியர் அறைகளில் விநோதக் காட்சி தோன்றியது. ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இருவரில் மூத்தவரின் சம்பளப் பட்டியலில் ஜி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம், இளையவரின் பட்டியலில் சி.பி.எஸ். பிடித்தம். முதலாமவர் சேமிப்பதை அவசரத்துக்கு எடுக்கலாம்; ஓய்வுபெற்றால் கடைசி ஊதியத்தில் பாதியும் அகவிலைப்படியும் மாதந்தோறும் வரும். இரண்டாமவரின் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் போகும். அரசும் அதே அளவு போடும். 40,000 ரூபாய் என்றால் மாதம் 4,000. மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழகமோ அதற்கான ஒழுங்குமுறை ஆணையத்துடன் சேராமல் தனியே நின்றது. ஆகவே சி.பி.எஸ். ஊழியர் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்தது சேர்ந்த பணமும் வட்டியும்தான். பெயரில் ஓய்வூதியம் இருந்தது, மாத ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடையும் இல்லை.

சி.பி.எஸ். தலைமுறை எண்ணிக்கையில் வளர வளர, சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கடைசியில் கிடந்த ‘பழைய ஓய்வூதியம் வேண்டும்’ என்ற வரி முதலிடத்துக்கு ஏறியது. 2016 பிப்ரவரியில் காலவரையற்ற வேலைநிறுத்தம் நடந்தது. வல்லுநர் குழு அமைப்பதாக ஜெயலலிதா அறிவித்தார். குழுவின் தலைமை மாறியது, காலக்கெடு நீண்டது, 2018 நவம்பரில்தான் அறிக்கை வந்தது. இடையே 2017 செப்டம்பரில் ஒரு வேலைநிறுத்தம். அதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. 2019 ஜனவரி 22-இல் தொடங்கிய வேலைநிறுத்தம்தான் பெரியது. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன, பொதுத்தேர்வு நெருங்கியது. 2003-இன் நாடகம் ஓரளவு திரும்பவும் அரங்கேறியது: கைது, பணியிடை நீக்கம், தற்காலிக ஆசிரியர் நியமன அறிவிப்பு. ஆனால் கொத்தாக வேலைநீக்கம் செய்யும் துணிச்சல் இம்முறை யாருக்கும் வரவில்லை. ஜனவரி 30-இல் போராட்டம் முடிந்தது, கோரிக்கை அப்படியே நின்றது. அப்போது போடப்பட்ட வழக்குகளையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் 2021 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால் முதல்வர் பழனிசாமி விலக்கிக்கொண்டார்.

அத்தேர்தலில் பழைய ஓய்வூதியம் வாக்குறுதியாகவே அச்சேறியது. அடுத்த ஆண்டு ராஜஸ்தான் அதற்குத் திரும்பியது, பின்னர் இமாச்சலமும். மத்திய அரசு 2024 ஆகஸ்டில் பாதி ஊதியத்துக்கு உறுதியளிக்கும் ஒருங்கிணைந்த திட்டத்தை அறிவித்தது. பழைய ஓய்வூதியம், சி.பி.எஸ்., இந்த ஒருங்கிணைந்த திட்டம் மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்ல, 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஒரு குழுவைத் தமிழக அரசு நியமித்து ஒன்பது மாத அவகாசம் கொடுத்தது. அரசாணை எண் 259-இன்கீழ் நடுவயதில் வேலைக்கு வந்தவர்களில் பலர் அதற்குள் சேர்ந்த பணத்தை ஒரே தவணையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.