நாற்காலி உறைக்கும் ஒரு சட்டம்

பாலக்கோடு கடைவீதியில் சோபா உறைக்குத் துணி எடுப்பவர்கள் முதலில் கேட்பது, "துவைத்தா சாயம் போகுமா?" என்பதுதான். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களின் கவலையும் இதுவே. அவர்கள் அச்சடித்த துணி துவைத்தால் வெளுத்துப் போகும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணி வெளுக்கவில்லை. படிகாரம் ஏற்றிய பருத்தியில் சாயவேரின் சிவப்பு விடாமல் பிடித்துக்கொள்ளும். ரகசியம் அவ்வளவுதான் (சொல்வது சுலபம், செய்வதற்கு வாரக்கணக்காகும்!).

கட்டில், திரை, நாற்காலி என்று எங்கும் சீட்டி பரவியதும் இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்களுக்குப் பிழைப்பு போயிற்று என்ற ஆத்திரம். 1719-இல் சீட்டி உடுத்திய பெண்களின் ஆடைகளைத் தெருவிலேயே கிழித்தார்கள். 1721-இல் பாராளுமன்றம் சட்டமே போட்டது: அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவும் கூடாது, கட்டில், நாற்காலி, மெத்தை, திரை எதற்கும் போடவும் கூடாது! முழுக்க நீலச் சாயம் தோய்த்த துணிக்கு விலக்கு உண்டு.

1774-இல் தடை தளர்ந்தது, அதுவும் அவர்கள் நாட்டிலேயே நெய்த துணிக்கு மட்டும். அடுத்த ஆண்டு, பிரபல நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்குப் பரிசாக வந்த இந்தியச் சீட்டிக் கட்டில் திரைகளைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். அந்தத் திரைக்குப் பொருத்தமாக நாற்காலிகளைக்கூட அவர் தயார் செய்து வைத்திருந்தார். கேரிக் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி மன்றாட வேண்டியதாயிற்று. இன்று அந்தத் திரைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.