கொழுக்குமலையா, கொளுக்குமலையா? தேனி மலைப் பெயர்களை ஏன் சரியாகப் பதிவு செய்யணும்?

மொபைல் மேப்பில் 'குரங்கணி' என்று தேடினால் போடிநாயக்கனூர் மலையடிவாரமும் வரலாம், தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் குரங்கணியும் வரலாம். கூடலூர் என்றால் கம்பம் பக்கமா, நீலகிரியா? கம்பம்கூட ஆந்திராவில் ஒன்று இருக்கு. பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆங்கில எழுத்தில் என்ன சிக்கல்?

தமிழில் ல, ள, ழ மூன்றும் வேறு வேறு ஒலிகள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே எழுத்துதான். தேனி மாவட்டத்தில் இருக்கும் கொழுக்குமலையைத் தமிழில் 'ழு' போட்டு எழுதுகிறோம். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் 'ளு'. ஆங்கிலப் பலகையை மட்டும் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு எது சரி என்றே தெரியாது. வருசநாடா, வருஷநாடா என்பதிலும் இதே குழப்பம்தான்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. கோயம்புத்தூர், வேலூர் போன்ற பெயர்களுக்குக் கொடுத்த புது எழுத்துகள் விமர்சனத்துக்கு ஆளாக, சில நாட்களிலேயே அந்த அரசாணை திரும்பப் பெறப்பட்டது.

பெயருக்குள் என்ன இருக்கு?

போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு என்று கேரள எல்லை நெடுக 'மெட்டு' வரும். மேடு என்ற சொல்லோடு சேர்ந்தது இது. ஏறிப் போக வேண்டிய இடம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

டாப் ஸ்டேஷன் இன்னொரு கதை. மூணாறு தேயிலையை ரயிலில் இங்கே கொண்டுவந்து, ரோப்வே வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அந்த ரயில் பாதை 1924 பெருவெள்ளத்தில் அழிந்தது. ஸ்டேஷன் போயிடுச்சு, பெயர் மட்டும் நிக்குது. காரணத்தை எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் சுற்றுலாத் தலம்தான்.

மேகமலைக்கு ஆங்கிலேயர் காலப் பெயர் ஹைவேவிஸ். அலை அலையாகத் தெரியும் மலை என்ற பொருளில் வந்தது. பேரூராட்சியின் பெயராக அது இன்றும் இருக்கு. 'பச்சைக் கூமாச்சி' என்ற பழைய பெயரோ பலருக்குத் தெரியாது. கூமாச்சி என்றால் கூம்பிய உச்சி.

ஸ்காட்லாந்து என்ன செய்தது?

ஸ்காட்லாந்து மலைகளின் பெயர்கள் பலவும் கேலிக் மொழியில் உள்ளவை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வரைபடம் போட்ட நில அளவைத் துறை, 'பெயர்ப் புத்தகம்' என்று தனியாக வைத்தது. ஒவ்வொரு பெயருக்கும் வழக்கில் உள்ள எழுத்து வடிவங்கள், அதை உறுதி செய்த உள்ளூர் ஆட்கள், இடத்தின் விவரம் எல்லாம் அதில் பதிவாகும். அப்படியும் ஆங்கில வாய்க்கு ஏற்ப நிறைய பெயர்கள் திரிந்தன. மலையைக் குறிக்கும் 'பெயின்' என்ற கேலிக் சொல், பென் நெவிஸ் சிகரத்தில் 'பென்' ஆனது. ஆனாலும் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்ற பதிவு இருப்பதால் இன்றைக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடிகிறது.

இங்கே எப்படிப் பதிவு செய்யலாம்?

* உள்ளூர்க்காரர் சொல்வதை ஆடியோவாகப் பதிவு செய்யணும்.
* முதலில் தமிழில் எழுதணும், ஆங்கிலம் அப்புறம்.
* வேறு எழுத்து வடிவங்கள் இருந்தால் எதையும் விடாமல் குறிக்கணும்.
* தாலுகா, அருகில் உள்ள ஓடை, பாதை ஆகியவற்றைச் சேர்க்கணும்.
* பெயர்க் காரணம் கேட்டால், 'ஊரில் சொல்வது' என்று தனியாக எழுதணும். கேட்க நல்லா இருக்கும் கதை எல்லாம் உண்மையான காரணம் ஆகிவிடாது.

பளியர், முதுவர் போன்ற பழங்குடி மக்கள் பாறைக்கும் ஓடைக்கும் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் பேச்சில்தான் வாழ்கின்றன. அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு.