ஏரி காத்தவர்கள்

மணிமங்கலம் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு யானைப் படையும் குதிரைப் படையும்தான் மனக்கண் முன் வந்து நிற்கும். கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தைப் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனும் வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் மோதிக் கொண்ட களங்களில் ஒன்று அது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசி முறியடிக்கப்பட்டான். பல்லவ சைன்யம் அத்துடன் நிற்காமல் வடக்கே படையெடுத்துச் சென்று, 642-ஆம் ஆண்டு வாக்கில் வாதாபி நகரத்தையே கைப்பற்றியது. இலங்கை இளவரசன் மானவர்மனும் நரசிம்மனுக்குத் துணையாக நின்று போரிட்டதாகச் சூளவம்சம் சொல்கிறது.

இவ்வளவு பிரசித்தி பெற்ற களம் எங்கோ தூர தேசத்தில் இருப்பதாக எண்ண வேண்டாம். தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, முடிச்சூர் வழியாக மேற்கே போனால், சற்றைக்கெல்லாம் மணிமங்கலம் வந்துவிடும்.

இந்தக் காலத்தில் 'சூழலியல் சுற்றுலா' என்று ஒன்று பிரபலமாகியிருக்கிறது. காட்டையும் மலையையும் ஏரியையும் கெடுக்காமல் பார்ப்பது, அங்கே குடியிருக்கும் ஜனங்களின் வாழ்க்கையையும் தெரிந்து கொண்டு திரும்புவது, இவைதான் அதன் இலட்சணம். அதற்காக நம்மவர்கள் சிலிகாவுக்கும் காஷ்மீரத்துக்கும் போகிறார்கள். நன்றாகப் போகட்டும். நானும் என் நண்பர் ஒருவரும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரு மார்கழி மாதத்தில் மூன்று நாள் ஒழித்துக் கொண்டு, தொண்டை மண்டலத்து ஏரிகளைப் பார்த்து வரக் கிளம்பினோம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்றே ஒரு பெயர் உண்டு. யாத்திரையின் முதல் இடம் மணிமங்கலம்.

ஏரி நிறைந்து கிடந்தது. கரையில் பனை மரங்கள்; தண்ணீரில் கொக்குகள்; எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பனியில் மறைந்திருந்தது. கரையில் மாடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என் நண்பர் போய், "ஐயா, இந்த ஊரில் போர் நடந்த இடம் எது?" என்று கேட்டார்.

"எந்தப் போருங்க? வைக்கப் போரா, தண்ணிப் போரா? தண்ணிப் போருன்னா அதோ அந்தக் காம்பவுண்டு சொவத்துக்குள்ளாரவே மூணு போட்டுருக்காங்க" என்றார் பெரியவர்.

நண்பர் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் அந்தப் பதிலில் சரித்திரம் அடங்கியிருப்பதாகத் தோன்றியது. புலிகேசியின் போர் அந்த ஊருக்கு மறந்து போய்விட்டது. ஆழ்துளைக் கிணற்றுப் போர்தான் அங்கே இன்றைய விஷயம்.

போர் மறந்து போனாலும், போர்க் கதைகளுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களைப் பாருங்கள். கங்கை கொண்ட ராஜேந்திர சோழனின் புதல்வர் மூவர், முதலாம் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகியோர், ஒருவர் பின் ஒருவராக அரசாண்டவர்கள். மூவருடைய கல்வெட்டுகளும் மணிமங்கலத்தில் இருக்கின்றன. 1054-ஆம் ஆண்டு கொப்பத்துப் போரில் அண்ணன் யானை மேலேயே உயிர் துறக்க, தம்பி அந்தக் களத்திலேயே முடி சூடிக் கொண்ட வரலாற்றில் தம்பியின் வெற்றி ஒரு கல்வெட்டில் வருகிறது. வீரராஜேந்திரனின் கூடல்சங்கமத்து வெற்றி இன்னொன்றில் வருகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் இவற்றைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் மூன்றாம் தொகுதியில் வெளியிட்டார்.

இந்தக் கல்வெட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. பாதிக்கு மேல் ஒரே ஆரவாரம்; யானைகள் சாய்கின்றன, அரசர்கள் ஓடுகிறார்கள், பட்டத்தரசிகள் சிறைப்படுகிறார்கள். பிரதாபமெல்லாம் தீர்ந்த பிறகு கல்வெட்டு தொண்டையைக் கனைத்துக் கொண்டு, இன்ன நிலம், இன்ன எல்லை, இன்ன தர்மம் என்று நிதானமாகப் பேச ஆரம்பிக்கிறது. ஊரார் கல் தச்சனைக் கூப்பிட்டது இந்தப் பின்பாதிக்காகத்தான்.

மணிமங்கலத்துப் போரையே எடுத்துக் கொள்வோம். அந்தப் போர் நமக்கு எப்படித் தெரியும்? காஞ்சீபுரத்துக்கு அருகில் கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு சொல்லித்தான். நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது அது. பாட்டனாரின் வெற்றியை அது ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறது. பட்டயம் எழுதப்பட்ட காரணம் வேறு. பரமேசுவர தடாகம் என்று ஒரு ஏரி. பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டு வரப் பெரும்பிடுகு என்று ஒரு கால்வாய். கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு மானியம். இவற்றைத்தான் அது விவரித்துச் சொல்கிறது. ஆக, மணிமங்கலத்துப் போர் நம்முடைய பாடப் புத்தகத்தில் இடம் பெற்றதே ஒரு ஏரிப் பத்திரத்தின் உபயத்தால்தான்!

ஏரி என்பதை நாம் சில சமயம் குளிர் நாடுகளின் நீர்நிலைகளோடு சேர்த்து நினைத்துக் கொள்கிறோம். அவை இயற்கை கொடுத்தவை. நம்முடைய ஏரிகள் மனிதர் கட்டியவை. தொண்டை மண்டலத்து நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. வருஷம் முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. பாலாற்றில் மணல்தான் அதிகம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில வாரங்கள் வானம் கொட்டித் தீர்க்கும். பிறகு கையை விரித்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைக்க, சரிவுக்குக் குறுக்கே பிறைச் சந்திரன் வடிவில் மண்ணால் ஒரு கரை போட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் விட மதகு. நிறைந்த பின் மிச்சம் வழிய கலங்கல். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. இப்படிச் சங்கிலி கோத்தாற்போல ஊருக்கு ஊர் தண்ணீர் கை மாறிக் கொண்டே கடலுக்குப் போகிறது. மணிமங்கலத்தின் அருகில் மலைப்பட்டு ஏரியில் பிறக்கும் அடையாறு, 42 கிலோமீட்டர் ஓடிச் சென்னையில் கடலில் கலக்கிறதே, அந்த ஆறும் இந்த ஏரிகளின் மிச்ச நீர்தான்.

மண் கரை என்றால் கறையான் அரிக்கும், நண்டு துளைக்கும், மழை கரைக்கும். ஏரியின் வயிற்றில் ஒவ்வொரு வருஷமும் வண்டல் சேரும். வருஷா வருஷம் யாராவது அள்ளிப் போட்டுக் கொண்டே இருந்தால்தான் ஏரி ஏரியாக இருக்கும். கட்டியவன் பெயர் செப்பேட்டில் நிற்கிறது. அள்ளியவன் யார்?

மாடு மேய்த்த பெரியவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். "எங்க அப்பாருதாங்க நீர்க்கட்டி. மதகு தெறக்கறது, அடைக்கறது, யார் வயலுக்கு எத்தினி நாழி பாய்ச்சறது, எல்லாம் அவருதான். ராவுல மழை புடிச்சிக்கிச்சுன்னா மம்புட்டியத் தூக்கிக்கினு கரைக்குப் பூடுவாரு. அறுப்பானா களத்துலியே அவரு பங்கு நெல்லு அளந்துடுவாங்க."

"இப்போது யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"நெல்லு அளந்தாத்தானே ஆளு வருவான்? என் புள்ளை ஒரகடத்துல கம்பெனிக்குப் போறாங்க. பஸ்ஸு வூட்டு வாசல்லியே வந்து ஏத்திக்கினு போவுது" என்றார். அந்தக் குரலில் குறை இல்லை. மகனைப் பற்றிய பெருமைதான் தெரிந்தது.

அந்தப் பெருமையை யார் குறை சொல்ல முடியும்? இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. நாங்கள் ஒரகடம் வழியாகப் போனபோது, ஆறு வழிச் சாலையின் இரு பக்கமும் மதில் சுவர்கள். இரண்டு மதில்களுக்கு நடுவே திடீரென்று ஒரு துண்டுத் தண்ணீர் பளிச்சிடும். அதுவும் ஓர் ஏரிதான். அதற்கு வரத்துக்கால் எங்கே, கலங்கல் நீர் எங்கே போகிறது என்று காரில் போகிறவனுக்குத் தெரியாது.

வாலாஜாபாத்துக்கு வடக்கே உள்ள தென்னேரியில் நண்பகல் சாப்பாட்டை முடித்துக் கொண்டோம். திரையன் ஏரி என்ற பெயரே தென்னேரியாயிற்று என்பார்கள். சங்க காலத்துத் தொண்டைமான் இளந்திரையனோடு அந்தப் பெயரை இணைத்துச் சொல்வது வழக்கம். கடல் போல விரிந்து கிடக்கும் தண்ணீர். ஆனால் எங்கள் அவசரம் உத்திரமேரூரில்.

உத்திரமேரூரின் குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லோரும் கேட்டிருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அவை. முப்பது குடும்புகளிலும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்ந்த வாரியங்களில் ஒன்றின் பெயர் ஏரி வாரியம். உறுப்பினர் ஆறு பேர். பதவிக் காலம் 360 நாள். பல்லவன் தந்திவர்மன் காலத்து வயிரமேக தடாகத்தைப் பார்த்துக் கொள்வது அவர்கள் பொறுப்பு.

தேர்தலை விட, யார் நிற்கக் கூடாது என்ற விதிதான் என்னைக் கவர்ந்தது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் கூடாது! சொந்த நிலமும் மனையும் சாஸ்திரப் படிப்பும் உள்ள அந்தணர்களுக்கு மட்டுமே அந்தக் குடம் திறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கூடை கூடையாக வண்டல் சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. இருந்தாலும், ஏரி கெட்டால் இன்னாரைக் கேட்கலாம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. ஏரியை உயிரோடு வைத்தது அதுதான்.

மூன்றாம் நாள் வேடந்தாங்கல். தண்ணீரில் நிற்கும் மரங்களில் இலை தெரியாமல் பறவைகள். நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டார்களாம். ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கத் தங்களுக்கு உரிமை எழுதி வாங்கிக் கொண்டார்கள் என்று சொல்கிறார்கள். அது வெறும் ஜீவகாருண்யம் அல்ல. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரியும். 2022-இல் வேடந்தாங்கலும் அண்டை ஊரான கரிக்கிலியும் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாயின.

அதே பிளேஸ் துரைதான் மதுராந்தகத்துக் கதையிலும் வருகிறார். ஏரிக் கரை உடைந்துவிடும் என்று பயந்த மழை இரவில், வில்லும் அம்பும் ஏந்திய இரு வாலிபர்கள் கரையில் காவல் நிற்பதை அவர் கண்டாராம். மறு நாளே ராமர் கோயிலில் தாயார் சந்நிதிக்குத் திருப்பணி செய்தாராம். ஏரி காத்த ராமர் என்று அந்தப் பெருமாளுக்குப் பெயர். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் தெய்வத்துக்கு 'ஏரி காத்தவர்' என்பதைவிடப் பெரிய பட்டம் கொடுக்கத் தோன்றாத ஜனங்களின் மனத்தை அந்தக் கதை நமக்குக் காட்டுகிறது.

பிறகு ஏரிக்கு உடையவர் மாறினார்கள். ஊர்ச் சபை போய்ச் சர்க்கார் வந்தது. குடிமராமத்து என்ற பழைய வழக்கம் தளர்ந்து போகவே, 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வழக்கம் உயிரோடிருந்தால் சட்டம் எதற்கு? நாளடைவில் பெரிய ஏரி பொதுப்பணித் துறைக்கு, சிறிய ஏரி பஞ்சாயத்துக்கு என்று ஆயிற்று. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. மழை இரவில் மண்வெட்டியோடு கரைக்கு ஓடும் ஆள் எத்தனை ஏரிக்கு இருக்கிறார்?

இதன் பலன் கிராமத்தோடு நின்றுவிடவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது, சென்னை நகரம் அடையாற்றில் மூழ்கியதை நாம் அறிவோம். அந்த அணையோடு சேர்ந்து மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிச்ச நீரும் வந்தது. போகும் வழியில் வீடுகள் இருந்தன. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி மீது ஏறி நின்றவர்களுக்கு, தாங்கள் குடியிருப்பது தண்ணீரின் பழைய பாதையில் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். முதலமைச்சர் பழனிசாமி அதைத் தொடங்கி வைத்த இடம் எது தெரியுமா? மணிமங்கலம் ஏரி! நல்ல காரியம்தான். ஆனால் ஒரு முறை தூர் வாருவதற்கு ரூபாய் போதும். அடுத்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் வாருவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளைக் கணக்குக் கேட்க ஊர் வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு ஆயிரத்து நூறு வருஷமாக இதைத்தான் சொல்லிக் கொண்டிருக்கிறது. இன்று அந்த ஊரில் கம்பெனிக்குப் போகிற பிள்ளையும் இருக்க வேண்டும், நேற்று வீடு வாங்கிக் குடி வந்தவரும் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் இருவர் வீட்டிலும்தானே நுழையப் போகிறது?

கார்த்திகை முதல் மாசி வரையில் எப்போதாவது இரண்டு மூன்று நாள் விடுமுறை கிடைத்தால், குழந்தைகளை அழைத்துக் கொண்டு இந்த வழியே போய் வாருங்கள். பறவைகளைக் காட்டுங்கள், கோயில் சுவரைக் காட்டுங்கள். ஒவ்வோர் ஏரிக் கரையிலும் சற்று நின்று, இந்த ஏரியின் கலங்கல் எங்கே, மதகை இப்போது யார் பார்த்துக் கொள்கிறார்கள் என்று ஊராரைக் கேளுங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து கேட்டார் என்றாவது அந்தக் கேள்வி ஊருக்குள் சில நாள் நடமாடும்.