அணைந்த ஒளி, அணையாத கதிர்

பழைய கைக்கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் முகப்பின் நிறத்தை முதலில் பார்ப்பார்கள். ஒருகாலத்தில் வெளிர்நிறத்தில் இருந்த எண்கள் பழுத்துத் தேன் நிறமாகவோ காவியாகவோ மாறியிருந்தால் அதற்குத் தனி மதிப்பு. இத்தாலியின் பனெராய் கடிகாரங்களில் அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு போரும் ஒரு நஞ்சும் இருக்கின்றன.

ஜொவானி பனெராய் 1860-இல் ஃப்ளாரன்ஸ் நகரில் கடிகாரக் கடை தொடங்கினார். அவருடைய வழிவந்தவர்கள் இத்தாலியக் கடற்படைக்குக் கருவிகள் செய்து கொடுத்தார்கள். 1930களின் பிற்பகுதியில், நீருக்கடியில் தாக்கும் வீரர்களுக்கென்று கடிகாரம் வேண்டியிருந்தது. 47 மில்லிமீட்டர் அகலத்தில், தலையணை வடிவிலான கூட்டை ரோலெக்ஸ் செய்து தந்தது. முகப்பில் இரண்டு தகடுகள்: மேல்தகட்டில் எண்கள் வெட்டப்பட்டிருக்கும், அவற்றின் வழியே அடியிலுள்ள பூச்சு ஒளிரும். பூச்சில் கலந்திருந்தது ரேடியம். ரேடியோமிர் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே.

அந்தப் படைப்பிரிவின் புகழ்பெற்ற தாக்குதல் 1941 டிசம்பர் 18 இரவு தொடங்கியது. ஷிரே என்ற நீர்மூழ்கி, அலெக்சாந்திரியா துறைமுகத்துக்கு வெளியே ஆறு வீரர்களை இறக்கிவிட்டது. மூன்று மனித டார்பிடோக்களில் இருவர் இருவராக அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். மறுநாள் காலையில் பிரிட்டனின் குயின் எலிசபெத், வேலியன்ட் ஆகிய போர்க்கப்பல்கள் ஆழமற்ற துறைமுகத்தின் தரையில் அமர்ந்துவிட்டன. அறுவரில் ஒருவரான லூயிஜி துராந்த் தெ லா பென்னே பிடிபட்டு, தாம் வெடிகுண்டு வைத்த வேலியன்டிலேயே அடைக்கப்பட்டார். வெடிப்பதற்குச் சற்றுமுன் கப்பல்தலைவர் மார்கனை எச்சரித்தார்; குண்டு இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவில்லை. 1945-இல் இத்தாலி அவருக்கு அளித்த தங்கப்பதக்கத்தை அணிவித்தவர் அதே மார்கன்.

சேகரிப்பவர் கடிகாரத்தோடு இந்தக் கதையையும் வாங்குகிறார். அந்தத் துணிவு முசோலினியின் போருக்குச் செலவானது என்பதையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பனெராய் 1993-இல்தான் பொதுமக்களுக்கென்று கடிகாரங்களை வெளியிட்டது. 1997-இல் அன்றைய வான்தோம் குழுமம் அந்தப் பெயரை வாங்கியபின் உலகெங்கும் ரசிகர்கள் பெருகினார்கள். ஒருகாலத்து இராணுவக் கருவி ஆடம்பரப் பொருளாயிற்று.

பூச்சு மட்டும் எதையும் மறக்கவில்லை. ரேடியத்தின் கதிர்பட்டு ஒளிர்வது துத்தநாக சல்ஃபைடு. அந்தக் கதிரே அதைச் சில பத்தாண்டுகளில் சிதைத்துவிடும், முகப்பு இருண்டுவிடும். ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். அதிலிருந்து ரேடான் வாயுவும் கசியும். பிரிட்டனில் நார்தாம்ப்டன், கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பழைய ரேடியக் கடிகாரங்களை ஓர் அறையில் வைத்துச் சோதித்தார்கள். அவற்றில் சில சிதைந்த நிலையில் இருந்தவை. ரேடான், அந்நாட்டின் பாதுகாப்பு வரம்பைப்போல் 134 மடங்கு இருந்ததாக 2018-இல் அறிவித்தார்கள். மூடிய அறையில் இவற்றைக் குவித்து வைப்பதும், ஆர்வத்தால் கூட்டைத் திறந்து உதிர்ந்த தூளைச் சுவாசிப்பதும் விளையாட்டல்ல.

இன்றைய கடிகாரங்களில் கதிர்வீச்சற்ற பூச்சே பயன்படுகிறது. அதற்குச் சிலவற்றில் பழைய ரேடியத்தின் காவி நிறத்தையும் ஏற்றித் தருகிறார்கள். பேழையில் இரண்டும் அருகருகே இருக்கும்போது, தான் வாழாத முதுமையை அணிந்த புதியது இருளில் ஒளிரும். பழையது ஒளிராது, அதன் கதிர் மட்டும் ஓய்வதில்லை. அதைக் கையில் எடுப்பவர் இதை அறிந்து எடுக்கட்டும்.