டிரெசர் போன பிறகு: பேராக் தோட்டவழித் தமிழரும் மருத்துவக் காப்புறுதியும்

1. பொருளும் எல்லையும்

ஒரு மருத்துவக் காப்புறுதி நிறுவனத்துக்குள் யார் வேலை பார்க்கிறார்கள் என்பதை மனிதவளப் பிரிவு கவனிக்கும். அந்த நிறுவனத்தின் காப்பு எந்த மக்களைச் சென்று சேர்கிறது என்பதைச் சமூகநலப் பிரிவு கவனிக்கும். ஆண்டறிக்கையிலும் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கங்கள், தனித்தனிப் படங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பக்கம் நின்று பார்க்கும்போது இந்தப் பிரிவினை நிற்பதில்லை. உள்ளே இருப்பவர் யார் என்பதுதான் வெளியே இருப்பவருக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதைப் பாதி தீர்மானிக்கிறது. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘தோட்டவழி மக்கள்’ என்று இங்கே குறிப்பது தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும். இன்று அவர்கள் சுங்கை சிப்புட், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போவின் புந்தோங் என்று வீடமைப்புத் தாமான்களிலும் மலிவுவிலை அடுக்ககங்களிலும் பரவிக் கிடக்கிறார்கள். புந்தோங்கைப் பலரும் கச்சான் பூத்தே என்ற கடலைத் தின்பண்டத்துக்காக மட்டும் அறிவார்கள். ஈப்போவில் தமிழர் செறிந்து வாழும் பகுதி அதுதான்.

2. தோட்டமே காப்புறுதியாக இருந்த காலம்

1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் எஞ்சிய ஒரு மரத்தை இன்றும் வேலி கட்டிக் காட்டுகிறார்கள். அந்த மரத்தின் வாரிசுகளில் பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானது. இந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கிய முதலாளிகள் அனைவரும் அந்த ஆள்கணக்குப்படி நிதிக்குப் பணம் கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போனது. ஆள் ஓடிவிட்டால், செத்துப்போனால் ஒரு முதலாளிக்கு ஏற்படும் நட்டத்தை எல்லா முதலாளிகளும் பங்குபோட்டுக்கொண்ட ஏற்பாடு அது. மலாயாத் தோட்டங்களின் முதல் பொதுக் காப்பு நிதி என்று அதைச் சொன்னால் மிகையாகாது. காப்பு யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தொழிலாளியின் உடலைக் காக்கும் முயற்சி மலேரியாவிலிருந்து தொடங்கியது. கிள்ளான் பகுதியில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்தும் கொசு வளரும் இடங்களை அழித்தும் காய்ச்சலைக் கட்டுப்படுத்திக் காட்டினார். தோட்ட முதலாளிகள் அதை ஏற்றுக்கொண்டதற்குக் கணக்கே காரணம்: காய்ச்சலில் படுத்தவன் பால் வெட்டமாட்டான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு மருத்துவ வசதியையும் பள்ளிக்கூடத்தையும் தோட்டத்தின் கடமையாக்கியது. அந்தக் கடமை மனித உருவில் வந்தபோது அவருக்கு டிரெசர் என்று பெயர்.

தோட்ட மருத்துவமனை உதவியாளர் என்பது சட்டப் பெயர். 1965இல் அவர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. கொயினா கொடுத்தவரும், காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், பிள்ளைப்பேற்றுக்கு லயத்துக்கு ஓடிவந்தவரும் அவர்தான். ஆனால் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் ஒருவர் ‘உடம்பு சரியில்லை’ என்றால் அது மெய்யா சாக்கா என்று தீர்ப்பளிப்பது. ‘பெயர்’ எனப்பட்ட அன்றைய வருகைப் பதிவு, அன்றைய கூலி இரண்டும் அவர் சொல்லைப் பொறுத்தவை. இன்றைய காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டு மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி செய்வதும் இதைத்தான். வேறுபாடு ஒன்றுண்டு: நோயாளி பேசும் மொழி டிரெசருக்குத் தெரியும். ‘நெஞ்சு அடைக்கிறது’ என்றால் என்ன, ‘கை கால் ஓய்ந்து வருகிறது’ என்றால் என்ன என்று அவரிடம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

தோட்டத்துக்கு ஏங்கி இதை எழுதவில்லை. கள்ளுக்கடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்தகம் நடத்திய இடம் அது. ஆனால் நோயின் சுமை தனிமனிதர் தலையில் மட்டும் விழாத ஓர் ஏற்பாடு அங்கே இருந்தது.

3. கடமை மண்ணோடு கைமாறியது

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது லயமும் மருந்தகமும் யாருக்கும் சொந்தமில்லாதவை ஆயின. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதை எதிர்கொள்ளத்தான். தோட்டத் தொழிலாளர் தவணை முறையில் பங்குப் பணம் கட்டி, தோட்டத்தையே விலைக்கு வாங்கினார்கள். கூட்டாகப் பணம் சேர்த்து ஆபத்தைச் சமாளிக்க இந்தச் சமூகத்துக்குத் தெரியாது என்று சொல்பவர்கள் இந்தச் சங்கத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இடையில் ஒரு கிளைக்கதை. மலேசிய இந்தியரின் முதலீட்டு நிறுவனமாக 1982இல் உருவான மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர் பலர். அதன் முக்கியச் சொத்தாகக் கடைசிவரை இருந்தது ஓரியண்டல் கேப்பிட்டல் அஷ்யூரன்ஸ் என்ற பொதுக் காப்புறுதி நிறுவனம். அதாவது பால் வெட்டிய கைகள் ஒரு காலத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பங்குடைமையையே வைத்திருந்தன. பங்குதாரர் என்ற தாளும் காப்புப் பெற்றவர் என்ற தாளும் வேறுவேறு என்பதை அந்தக் கதையைவிட நன்றாக எதுவும் காட்டாது.

பிறகு செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வீடு, மருத்துவ உதவி, பிள்ளைக் காப்பகம் ஆகிய தோட்டக் கடமைகளைத் தொகுத்துச் சொன்னது. ஆனால் அவை முதலாளி என்ற நிலையோடு ஒட்டியவை. தோட்டம் தோட்டமாக இருக்கும்வரைதான். நிலம் விற்றுப்போன நாளில் டிரெசரும் ஆயாக்கொட்டகையும் போயின, நோய் மட்டும் குடும்பத்தோடு தாமானுக்கு வந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ, வேலையிட விபத்துக்கும் உடல் செயலிழப்புக்கும் துணை நிற்கிறது. வீட்டிலிருக்கும் தாயின் இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, அதில் இடமில்லை.

தொழில் விட்டுச்சென்ற நோய்களையும் சேர்க்க வேண்டும். மருந்தடிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தோளில் சுமந்த பாராகுவாட் களைக்கொல்லியைப் பற்றி ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனகாநித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசு அந்த மருந்துக்குத் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020இல்தான் முழுமையாகத் தடை செய்தது. இன்று அப்படி மருந்தடித்த ஒரு பெண் ஈப்போவில் ஓர் அலுவலகத்தைக் கூட்டுகிறார். காப்புறுதிப் படிவம் ‘தொழில்’ என்ற கட்டத்தில் கேட்பது இன்றைய தொழிலை.

4. நோயின் கணக்கு

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4. சொந்தமாக மருத்துவக் காப்புறுதி வைத்திருப்போர் நாட்டில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். மருத்துவக் காப்புறுதிப் பாலிசிகளில் பொதுவான காத்திருப்புக் காலம் 30 நாள். ‘குறிப்பிட்ட நோய்கள்’ என்ற பட்டியலுக்கு 120 நாள். அப்பட்டியலில் ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இதய நோயும் இருக்கின்றன. ஒரு சமூகத்தில் மூவரில் ஒருவருக்கு அருகில் இருக்கும் நோயைத் தனிநபர் விலக்காகவோ கூடுதல் பிரிமியமாகவோ மாற்றுவதில் கணக்கியல் தவறு எதுவும் இல்லை. கணக்கு வயதையும் ரத்தத்தையும் பார்க்கிறது, அவ்வளவுதான்.

விலையும் ஏறுகிறது. 2021 முதல் 2023 வரை மருத்துவ இழப்பீட்டுச் செலவு மொத்தம் 56 விழுக்காடு கூடியது. 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, பிரிமிய உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது.

5. 2019இன் இரண்டு திட்டங்கள்

2019இல், வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காட்டினரான பி40 பிரிவினருக்காக இரண்டு ஏற்பாடுகள் வந்தன. மைசலாம் திட்டத்துக்கு விதைப்பணம் கொடுத்தது கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம்: 200 கோடி வெள்ளி (ரிங்கிட்). வெளிநாட்டுப் பங்குடைமையை 70 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டிய கட்டாயத்துக்கு மாற்றாக அத்தொகை தரப்பட்டது. தொடங்கியபோது வகுத்தபடி, தீவிர நோய்க்கு ஒருமுறை 8,000 வெள்ளி. அரசு மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 50 வெள்ளி, ஆண்டுக்கு 14 நாள்வரை. இரண்டாவது, பெக்கா பி40: இலவசப் பரிசோதனை, மருத்துவக் கருவி உதவி, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கு ஊக்கத்தொகை, போக்குவரத்துப் படி.

மைசலாமின் தீவிர நோய்ப் பட்டியலில் நீரிழிவு கிடையாது, சிறுநீரகச் செயலிழப்பு உண்டு. பெக்கா ஒரு துளி ரத்தத்திலிருந்து தொடங்குகிறது. ஒன்று பாதையின் கடைசியில் நின்று பணம் கொடுக்கிறது, மற்றது முதலில் நின்று எச்சரிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கையில் வைக்காதது பெரிய தவறு என்பது என் கருத்து.

ஆனால் மைசலாமின் 50 வெள்ளியை நான் உயர்வாக மதிக்கிறேன். அரசு கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இந்நாட்டின் மிகப் பெரிய மருத்துவக் காப்பு அந்த ஒரு வெள்ளிச் சீட்டுதான். சுங்கை சிப்புட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ் போன்றோர் பொது மருத்துவத்துக்காக விடாமல் வாதிட்டு வந்ததும் இதனால்தான். தோட்டவழிக் குடும்பத்தை உடைப்பது பெரும்பாலும் கட்டணம் இல்லை. பாதி நாளைத் தின்னும் பயணம், அறுந்துபோகும் நாள்கூலி, நோயாளியோடு போகும் மகளின் கூலி, இவைதான். தனியறைக்குப் பணம் தரும் பாலிசியைவிட இழந்த நாளுக்குப் பணம் தரும் பாலிசி இவர்களுக்கு நெருக்கமானது. டிரெசரிடம் பெயர் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது விளக்காமலே புரியும்.

இரண்டிலும் ஓர் ஓட்டை உண்டு. அரசின் உதவித்தொகைப் பட்டியலே வாசல், அது குடிமக்களுக்கானது. குடியுரிமையில்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டத்திலேயே முதுமையடைந்தவர்கள் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

6. ‘கொஞ்சம் இருக்கு’

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, காப்புறுதி வாங்குபவர் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. வேண்டுமென்றே சொன்ன பொய், கவனக்குறைவு, அறியாமல் நேர்ந்த தவறு என்று மூன்றாகப் பிரிக்கிறது. அறியாமல் நேர்ந்ததை வேண்டுமென்றே சொன்ன பொய்யைப் போல நடத்த முடியாது. கேள்வி எவ்வளவு தெளிவாகக் கேட்கப்பட்டது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது சட்டம்.

இதை நடைமுறையில் வைத்துப் பார்ப்போம். படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. ‘உங்களுக்கு நீரிழிவு நோய் உண்டா?’ என்று முகவர் வாய்மொழியாகக் கேட்கிறார். அறுபதை நெருங்கும் அம்மா சொல்வார்: ‘சீக்கெல்லாம் ஒன்னும் இல்லப்பா, இனிப்பு நீர் மட்டும் கொஞ்சம் இருக்கு.’ நம் பேச்சில் ‘கொஞ்சம் இருக்கு’ ஒரு தனி நிலை. அது நோய்க்கும் நலத்துக்கும் நடுவில் நிற்கும். சீக்கு என்றால் படுக்கையில் விழுவது. நடமாடிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு இருப்பவர் சீக்காளி ஆகமாட்டார். முகவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிடுகிறார். இரண்டாண்டு கழித்துக் காலில் புண் ஆறாமல் போகும்போது அந்தக் குறி வெளியே வருகிறது.

இதைப் பொய் என்று எழுதுவதா, கவனக்குறைவு என்பதா, அறியாமை என்பதா? முடிவு செய்யும் மேசையில் இருப்பவருக்கு ‘கொஞ்சம் இருக்கு’ என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் ஒரு விடை வரும், தெரியாவிட்டால் வேறு விடை வரும். மறுக்கப்பட்டவர் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கும் முதலில் அக்கடிதத்தைப் படித்துக்காட்ட ஆள் வேண்டும்.

7. நிறுவனத்துக்குள்

2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு, பணியிடப் பாகுபாடு பற்றிய தகராற்றை விசாரிக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. மகப்பேற்று விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாகியது. நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் 69எஃப் பேசுவது ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராற்றைப் பற்றி. வேலைக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர் ஊழியர் ஆகவில்லை. தரகுக்கு உழைக்கும் முகவரும் பொதுவாக அந்த வரையறைக்குள் வருவதில்லை. இரவில் அதே அலுவலகத்தைக் கூட்டுபவரோ குத்தகை நிறுவனத்தின் ஆள்.

தரகு பிரிமியத்தின் விழுக்காடாக இருப்பதால் சிறிய பாலிசிக்காகத் தாமான் தாமானாக அலைவது முகவருக்குக் கட்டுப்படியாகாது. பேங்க் நெகாரா 2017இல் முன்னெடுத்த பெர்லிண்டுங்கான் தெனாங் மலிவுத் திட்டங்கள் இந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தன. அவை பெரும்பாலும் ஆயுள், விபத்து, தீ ஆகியவற்றைச் சார்ந்தவை. ஆகவே ஒரு காப்புறுதி நிறுவனம் ‘அனைவரையும் உள்ளடக்கியது’ என்று தன்னை அழைத்துக்கொள்ளுமானால், நான் முதலில் பார்ப்பது இயக்குநர் குழுவின் படத்தை இல்லை. அதன் தரையைத் துடைக்கும் பெண்ணுக்கு அதன் குழுக் காப்பு உண்டா என்பதை. அவர் முன்பு எந்தத் தோட்டத்தில் மருந்தடித்தார் என்று அங்கே யாருக்காவது தெரியுமா என்பதை.

தமிழ் தெரிந்த சிலரை முகப்பு மேசையில் உட்காரவைப்பதோடு பணி முடிந்துவிடும் என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். அவர்கள் தேவைப்படும் இடம் கேள்விகளை எழுதும் அறையும் மனுக்களை மறுக்கும் அறையும்.

8. கேள்வியைத் திருத்தி எழுதுதல்

பரிந்துரை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், சட்டத் திருத்தம் தேவைப்படாத பரிந்துரை. பேராக்கில் பாலிசி விற்கும் நிறுவனம் தன் உடல்நலக் கேள்விகளைத் தமிழில், தோட்டவழிப் பேச்சறிந்த தன் ஊழியர்களையே கொண்டு எழுதவைக்கலாம். பதில்களைக் கேட்டது கேட்டபடி பதிந்து கையொப்பம் வாங்கலாம். நீரிழிவுக் கேள்வியின் முதல் வரைவு இப்படி இருக்கலாம்: ‘இனிப்பு நீர் கொஞ்சமாவது இருக்கிறது என்று யாராவது எப்போதாவது சொன்னார்களா? கிளினிக்கில் அதற்குப் புத்தகம் கொடுத்திருக்கிறார்களா? தினமும் போடும் மாத்திரைகளை எடுத்து வந்து காட்ட முடியுமா, அம்மா?’