ஹார்டுவேர் வாலட் வாங்கினால் கிரிப்டோ பத்திரமா? 24 வார்த்தைகளில் இருக்கும் சூட்சுமம் என்ன?

2024 ஜூலை 18. இந்தியாவின் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வசீர்எக்ஸில் இருந்து சுமார் 23 கோடி டாலர், நம்ம ரூபாயில் ஏறக்குறைய 2,000 கோடி மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. அதன் பிறகு நடந்ததுதான் பலருக்கும் அதிர்ச்சி. எந்த காயின் திருடு போனதோ அதை வைத்திருந்தவர்கள் மட்டுமல்ல, எல்லா வாடிக்கையாளர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் யாராலும் தங்கள் காயினை வெளியே எடுக்க முடியல.

அதில் ஒரு பெண் முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு போனார். திருடு போனது எத்தீரியம் சார்ந்த டோக்கன்கள், நான் வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி, அதை ஏன் முடக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதானே? 2025 அக்டோபரில் நீதிமன்றம் அவருக்கு இடைக்கால பாதுகாப்பு கொடுத்தது. கிரிப்டோ கரன்சி ஒரு சொத்து, அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்க முடியும் என்றும் சொன்னது.

தீர்ப்பு முக்கியமானதுதான். ஆனால் தன் காயினுக்காக கோர்ட் வரை போகும் நிலைமை ஏன் வந்தது? காயின் அவருடையது, சாவி எக்ஸ்சேஞ்ச் கையில். அந்த சாவியை நம்ம கைக்கே கொண்டு வரும் கருவிதான் ஹார்டுவேர் வாலட்.

வாலட்டுக்குள் காயின் இருக்குமா?

இருக்காது! இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். உங்க பிட்காயின் எந்த போனிலும், எந்த பென் டிரைவிலும் கிடையாது. இந்த முகவரிக்கு இவ்வளவு காயின் சொந்தம் என்ற கணக்கு பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கு. அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அந்த காயினை நகர்த்த ஒரு ரகசிய எண் வேண்டும். அதற்கு பெயர் பிரைவேட் கீ. ஹார்டுவேர் வாலட் பத்திரமாக வைத்திருப்பது அந்த சாவியை மட்டும்தான். வாலட், அதாவது பர்ஸ் என்ற பெயரே கொஞ்சம் பொருந்தாத பெயர். சாவிக்கொத்து என்று வைத்திருந்தால் பாதி குழப்பம் இருந்திருக்காது.

பார்க்க பென் டிரைவ் மாதிரியோ, சின்ன கால்குலேட்டர் மாதிரியோ இருக்கும். செக் குடியரசின் பிராக் நகரத்து நிறுவனம் தயாரிக்கும் டிரெசர், பாரிஸ் நகரத்து லெட்ஜர் இரண்டும் இதில் பிரபலம்.

நீங்க காயின் அனுப்பும்போது போனோ கம்ப்யூட்டரோ செய்வது விண்ணப்பம் தயாரிக்கும் வேலை மட்டும்தான். யாருக்கு, எவ்வளவு என்ற விவரம் கருவிக்குள் போகும். கருவி உள்ளேயே டிஜிட்டல் கையெழுத்து போட்டு, கையெழுத்தை மட்டும் வெளியே அனுப்பும். சாவி வெளியே வரவே வராது. அதனால் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் அதனால் சாவியை எடுக்க முடியாது. ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும் அறைக்குள் பேப்பர் மட்டும் போய் வருகிற மாதிரி.

தொலைந்து போனால்?

கருவி தொலைந்தால், உடைந்தால், தண்ணியில் விழுந்தால் பயப்பட வேண்டாம். யாராவது எடுத்தாலும் பின் நம்பர் தெரியாமல் உள்ளே போக முடியாது. லெட்ஜரில் 3 முறை தப்பாக போட்டால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். டிரெசரில் 16 முறை. வேறொரு கருவி வாங்கி பழைய கணக்கை அப்படியே திரும்ப எடுக்கலாம். அதற்கு தேவை, முதல் நாள் கருவி திரையில் காட்டிய 12 அல்லது 24 வார்த்தைகள். இதை ரெக்கவரி ஃப்ரேஸ் அல்லது சீட் ஃப்ரேஸ் என்கிறார்கள்.

2,048 ஆங்கில வார்த்தைகள் கொண்ட பொதுவான பட்டியல் ஒன்று இருக்கு. அதிலிருந்து கருவி தானாக தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் இந்த வார்த்தைகள். வரிசை ரொம்ப முக்கியம். பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது, அதனால் கையெழுத்து கொஞ்சம் மோசமாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். இந்த முறை பொதுவானது என்பதால் லெட்ஜரில் உருவான வார்த்தைகளை வேறு கம்பெனி கருவியிலும் பெரும்பாலும் பயன்படுத்த முடியும். கம்பெனியே மூடிப் போனாலும் காயின் போகாது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அந்த 24 வார்த்தைகள்தான் மொத்த சொத்தும். அது கிடைத்தவருக்கு உங்க கருவியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ஆயிரக்கணக்கில் செலவு செய்து கருவி வாங்கிவிட்டு, வார்த்தைகளை போனில் போட்டோ எடுத்து வைத்தால் வாங்கினதற்கு அர்த்தமே இல்லை. போட்டோ தானாக கிளவுடுக்கு போகும், வேறு ஆப்களும் கேலரியை பார்க்கும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற வைரஸை கண்டுபிடித்தது. கேலரியில் இருக்கும் படங்களில் உள்ள எழுத்தை படித்து, இந்த வார்த்தைகளை தேடுவதுதான் அதன் வேலை. கூகுள் பிளே ஸ்டோர், ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் அது ஒளிந்திருந்தது.

அதனால் பேப்பரில், கையால் எழுதுவதே நல்லது. வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொள்வது, மெயிலில் டிராஃப்ட் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். பேப்பருக்கும் பிரச்னை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பத்திரமும் சர்டிஃபிகேட்டும் கரைந்து போன சென்னை வீடுகளை நினைத்துப் பாருங்க. தொகை பெரிசு என்றால் வார்த்தைகளை பொறித்து வைக்கும் ஸ்டீல் தகடு விற்கிறார்கள், அதை வாங்கலாம். இரண்டு பிரதி எழுதி இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. சிலர் புத்திசாலித்தனமாக 12, 12 ஆக பிரித்து வைப்பார்கள். ஒரு பாதி தொலைந்தால் மொத்தமும் போச்சு.

அக்கா, தம்பி யார் கேட்டாலும்...

லெட்ஜர் ஆபிசில் இருந்து பேசுறோம், உங்க வாலட்டில் பிரச்னை, 24 வார்த்தையை டைப் பண்ணுங்க என்று மெயில் வந்தால் அது 100 சதவீதம் மோசடி. எந்த கம்பெனியும் கேட்காது. 2020-ல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தது. லட்சக்கணக்கான மெயில் ஐடிகளோடு பலரின் வீட்டு முகவரியும் வெளியே போனது. சாவி எதுவும் கசியவில்லை. ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டு போலி மெயில், போலி கடிதம், ஏன், தபாலில் போலி கருவியே அனுப்பி ஏமாற்றப் பார்த்தார்கள். வார்த்தைகளை கருவியில் மட்டும் போடலாம். கீபோர்டில் போடச் சொன்னால் நிறுத்திடுங்க.

எங்கே வாங்குவது?

கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ, அங்கே குறிப்பிட்டுள்ள விற்பனையாளரிடமோ மட்டும். செகண்ட் ஹேண்ட் வேண்டாம், ஆஃபரை பார்த்து மயங்கவும் வேண்டாம். 2023-ல் காஸ்பர்ஸ்கி பிரித்துப் பார்த்த ஒரு போலி டிரெசர் கருவியில், புதிதாக வார்த்தைகளை உருவாக்குவதற்கு பதில் ஏற்கனவே போட்டு வைத்த 20 தொகுப்புகளில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும் வேலை நடந்திருந்தது. சாவி திருடனிடம் முதல் நாளே இருக்கு! பெட்டிக்குள் வார்த்தைகள் அச்சடித்த கார்டு வந்தாலும் அதே கதைதான். வார்த்தைகள் உங்க கண் முன்னால் கருவி திரையில்தான் வரணும்.

ஆரம்ப மாடலுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். 5,000 ரூபாய்க்கு கிரிப்டோ வைத்திருப்பவருக்கு இது தேவையே இல்லை. போனால் தூக்கம் வராது என்கிற அளவுக்கு தொகை இருந்தால் யோசிக்கலாம்.

திரையை படிக்காமல் ஓகே கொடுத்தால்?

2025 பிப்ரவரி 21, துபாயை தலைமையிடமாகக் கொண்ட பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள எத்தீரியம் போனது. வட கொரியாதான் காரணம் என்றது அமெரிக்காவின் எஃப்பிஐ. இத்தனைக்கும் பலர் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டிய கணக்கு அது, ஹார்டுவேர் வாலட்டும் இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் வழக்கமான பரிமாற்றம் மாதிரி காட்டி, கையெழுத்துக்கு அனுப்பியது வேறொன்று. வசீர்எக்ஸும் திரையில் தெரிந்ததும் கையெழுத்தானதும் வேறு வேறு என்றுதான் விளக்கம் கொடுத்தது.

சாவியை யாரும் திருடவில்லை. சொந்தக்காரரையே கையெழுத்து போட வைத்தார்கள். அதனால் நம்ப வேண்டியது கருவியில் இருக்கும் குட்டித் திரையைத்தான். அனுப்பும் முகவரியை அதில் முழுசாக பாருங்க, முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் மட்டும் போதாது. புரியாத எழுத்தும் எண்ணுமாக வந்தால் ஓகே கொடுக்காதீங்க.

எக்ஸ்சேஞ்சில் இருந்து மாற்றுவது எப்படி?

முதலில் உங்க எக்ஸ்சேஞ்ச் அந்த காயினை வெளியே அனுப்ப விடுகிறதா என்று பாருங்க, எல்லா காயினுக்கும் எல்லா இடத்திலும் வசதி இருக்காது. நெட்வொர்க்கும் முக்கியம். யுஎஸ்டிடி டிரானிலும் ஓடும், எத்தீரியத்திலும் ஓடும். மாற்றி அனுப்பினால் மீட்பது பெரும் பாடு. முதலில் சின்ன தொகை அனுப்புங்க. வந்ததும் கருவியை ரீசெட் செய்து, எழுதி வைத்த வார்த்தைகளை வைத்து திரும்ப திறந்து பாருங்க. திறந்தால் மீதியை அனுப்பலாம். பலரும் இந்த ஒத்திகையை பார்ப்பதே இல்லை.

வீட்டில் யாருக்கு தெரியும்?

பேங்க் கணக்குக்கு நாமினி உண்டு. இதற்கு கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால், மனைவியோ பிள்ளைகளோ வாரிசு சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு ஆபிஸே இல்லை. வார்த்தைகளை சொல்ல வேண்டாம், ஆனால் இப்படி ஒன்று இருக்கு, இந்த இடத்தில் இருக்கு, இன்னாரிடம் கேள் என்பது நம்பகமான ஒருவருக்கு தெரிந்திருக்கணும். உயிலில் கருவி இருப்பதை குறிப்பிடலாம், வார்த்தைகளை அதில் எழுதக் கூடாது. உயில் பலர் கையில் போகும்.

வரி உண்டா?

எக்ஸ்சேஞ்சில் இருந்து உங்க சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை கிடையாது. விற்கும்போது லாபத்தில் 30 சதவீத வரி, 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கும் அதே விதிதான். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாலட்டுக்கு போய்விட்டால் எக்ஸ்சேஞ்ச் கணக்கு காட்டித் தராது, வாங்கிய தேதி, விலை, பரிமாற்ற எண் மூன்றையும் நீங்களே சேமித்து வைக்கணும். மாற்றுவதற்கு முன்பே எக்ஸ்சேஞ்ச் ஸ்டேட்மெண்டை டவுன்லோட் செய்துகொள்வது நல்லது.